குந்தியின் ஊற்றுக்கண் எது?

கேள்வி: குந்திப்புழாவும் பவானியும் அருகருகே பிறந்தும் திசைமாறிப் போவது ஏன்? குந்தியின் ஊற்றுக்கண் எது?

பதில்: நீலகிரியின் தென்மேற்கு மூலையில் ஒரு முகடு இரண்டையும் பிரிக்கிறது. பவானி அட்டப்பாடிக்கு இறங்கி, முக்காலியருகே கிழக்கே திரும்பி, தமிழ்நாட்டுக்குள் வந்து காவிரியில் கலக்கிறது. குந்தி அமைதிப் பள்ளத்தாக்கின் வழியே தெற்கே ஓடி, தூதப்புழாவாகி, பாரதப்புழாவில் சேர்ந்து பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. மழை முகட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே வித்தியாசம்.

ஊற்றுக்கண் என்று ஒரே புள்ளியைத் தேடுவதுதான் சிக்கல். வரைபடம் வடகோடியில் ஒரு புள்ளி காட்டுகிறதே என்பீர்கள். அது நீளத்தை அளக்க உதவும், அவ்வளவுதான். குந்தஞ்சோலைப்புழா, கரிங்கத்தோடு முதலிய முக்கியக் கிளைகள் பள்ளத்தாக்கின் கிழக்குச் சரிவின் உச்சியிலிருந்து இறங்கி வழிநெடுக ஆற்றைப் பெருக்குகின்றன. ஆகவே அந்தச் சரிவு முழுவதுமே ஊற்றுக்கண்.

குந்தியின் நீர் தெளிவாயிருப்பதற்குப் பாறைப் படுகைதான் காரணம், காடல்ல என்று வாதிடுவோர் உண்டு. பாதி சரி. ஆனால் சரிவில் மண் கரைந்தால் பாறை அதை வடிகட்டாது, கலங்கலாகவே கடத்திவிடும். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஓடைகளை மூடிய சோலைகள். அந்தச் சோலைகளுக்கும் ஒருமுறை ஆபத்து வந்தது. பள்ளத்தாக்குக்குள் ஆறு ஓடும் கடைசி 8 கிலோமீட்டரில் இறக்கம் சுமார் 60 மீட்டர்தான். பள்ளத்தாக்கிலுள்ள சைரந்திரியில் அணை கட்டக் கேரள மின்வாரியம் திட்டமிட்டதற்கு இந்தச் சமதளமும் அதன்பின் வரும் செங்குத்து இறக்கமும் வாகாக இருந்தன. திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. 1984-இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது. 2007-இல் சுற்றிலும் காப்பு வளையம் சேர்த்தார்கள். தாமதம்தான், ஆனாலும் சரியான முடிவு.