மேடும் பள்ளமும்

பெங்களூரு சிவாஜிநகர் பழைய இடம். முன்பு பிளாக்பள்ளி என்று பெயர். 1927-இல் கட்டிய ரசல் மார்க்கெட் இங்கேதான் இருக்கிறது. இது போன்ற இடங்களில் அப்பா ஓர் அறை கட்டுவார். பிறகு மகன் ஓர் அறை சேர்ப்பார். முன் அறை மேடு. பின் அறை ஓர் அடி பள்ளம். இருட்டில் கால் தவறும். வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும்.

மேட்டைத் தோண்டலாமா? கூடாது. அஸ்திவாரம் வலு இழக்கும். தெருவை விடத் தரை தாழ்ந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். பள்ளத்தை நிரப்புவதே நல்லது.

முதலில் கதவைப் பாருங்கள். தரை ஓர் அடி உயர்ந்தால் வாசல் உயரம் ஓர் அடி குறையும். தலை இடிக்கும். நிலையைத் தூக்கி வைக்கும் கூலியையும் மேஸ்திரியிடம் முன்பே பேசுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மண்ணை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. அரைச் சாண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திம்மிசு போட வேண்டும். பிறகு அடுத்த அரைச் சாண். அவசரப்பட்டால் தரை பின்னால் இறங்கும். அதன் மேல் கான்கிரீட். பிறகு காவியோ, டைல்ஸோ, கையில் உள்ள பணத்தைப் பொறுத்தது.

மாடியில் இந்த வேலை ஆகாது. 10 அடிக்கு 10 அடி அறையில் அரை அடி மண் போட்டால் 2 டன் எடை ஏறும். மரத் தூலம் போட்ட பழைய தளம் தாங்காது. அங்கே படி இருக்கட்டும். படி ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டு, சுவரில் ஒரு கைப்பிடி அடியுங்கள்.