கோட்டின் வழியே செல்லும் மின்காந்த அலை

மின்காந்த அலையை வழிநடத்தக் குழாய் வேண்டும் என்ற எண்ணம் மாணவரிடையே எளிதில் வேரூன்றிவிடுகிறது. கல்கத்தாவில் 1890-களில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில் உலோகக் குழாய்கள் பயன்பட்டன. பின்னர் வந்த ராடார் கருவிகளிலும் அவ்வாறே. எனினும், சுவரின்றியே அலையைப் பிடித்துவைக்க இயலும்.

உலோகக் கம்பியின் மேல் மெல்லிய மின்காப்புப் பூச்சு இருப்பின், அலை அக்கம்பியை ஒட்டியே செல்லும் என்பதை அமெரிக்காவில் கூபோ என்பவர் 1950-இல் விளக்கினார். பூச்சு அலையின் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. ஒளியினும் மெதுவாகச் செல்லும் அலை வெட்டவெளியில் பிரிந்து பரவ இயலாது. ஆகவே பரப்பினின்று விலக விலக அதன் புலம் விரைந்து தேய்கிறது. ஆசிரியர்கள் வற்புறுத்த வேண்டிய செய்தி இதுவே. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சிசிர் குமார் சட்டர்ஜியும் ராஜேஸ்வரி சட்டர்ஜியும் இத்தகைய பரப்பு அலைகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தனர்.

கம்பியும் இல்லாமல், வெறும் கோடு அலையைத் தாங்குமா? இரு பரப்புகளைக் கருதுக. ஒன்று சன்னல் வலை போன்ற உலோகக் கம்பிவலை. அது மின்சுருளைப் போல் நடந்துகொள்ளும். மற்றொன்று இடைவெளிவிட்டுப் பதித்த சிறு உலோகச் சதுரங்கள். அது மின்தேக்கியைப் போன்றது. புகைப்படமும் அதன் நெகடிவும் போல் இவை ஒன்றுக்கொன்று எதிர்மறையானவை. வலைப்பரப்பில் காந்தப்புலம் செல்திசைக்குக் குறுக்காக அமைந்த அலையும், சதுரப்பரப்பில் மின்புலம் குறுக்காக அமைந்த அலையும் ஒட்டிச் செல்லும். ஒன்று ஏற்பதை மற்றது ஏற்காது.

இவ்விரண்டையும் அருகருகே சேர்த்தால், எல்லைக்கோட்டில் இரு வகைப் புலங்களும் இணைந்து ஒரே அலையாகின்றன; மேலும் கீழும் இருபக்கமும் அது தேய்ந்துவிடுகிறது. சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிஷாரத், சீவன்பைப்பர் ஆகியோர் இக்கோட்டு அலையைப் பற்றி 2017-இல் வெளியிட்டனர். இதில் புலம் சுழலும் திக்கு, அலை செல்லும் திசையைப் பொறுத்தது. தக்கவாறு சுழலும் மூலம் ஒன்றை அமைத்தால் அலையை ஒரே பக்கமாக அனுப்பலாம்; சாதாரணக் கம்பியில் இவ்வசதி எளிதன்று.

10 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் 3 செ.மீ. ஆதலின் சதுரங்கள் சில மி.மீ. அளவினவாக இருத்தல் வேண்டும். செம்புத்தகடு ஒட்டிய அச்சுப் பலகையில் இவற்றை அரித்தெடுக்கலாம். ஆனால் புலம் கோட்டருகே மிகச் செறிவதால், அங்குள்ள உலோகத்தில் ஏற்படும் வெப்ப இழப்பைப் புறக்கணிக்க இயலாது.