பெரிய உடையாரின் பிரிவில் பெருமாள் காட்டிய வழி



உத்ஸவ மலரில் மரணத்தைப் பற்றி எழுதலாமோ என்று சிலர் நினைக்கக்கூடும். ஆயினும், உற்றாரை இழந்து, ஆசௌசம் கழிந்தபின் மனம் ஆறாமல் பெருமாள் திருமுன்பு வந்து நிற்போர் உங்களுள் பலர் உண்டு. தீர்த்தம் ஸாதிக்கும்போது அவர்கள் முகத்தை அடியேன் காண்கிறேன். அவர்கள் பொருட்டு ஸ்ரீமத் ராமாயணத்தில் ஒரு கட்டத்தை விண்ணப்பிக்கிறேன்.

தசரத சக்கரவர்த்தி உயிர் நீத்தபோது நான்கு குமாரர்களில் ஒருவரும் அருகில் இல்லை. சரீரத்தைத் தைலத்தில் இட்டுக் காத்திருந்து, கேகய நாட்டிலிருந்து ஸ்ரீபரதாழ்வான் வந்த பின்னரே ஸம்ஸ்காரம் நடந்தது. மூத்த குமாரரான பெருமாளுக்கோ சித்ரகூடத்தில்தான் செய்தி எட்டியது. மூர்ச்சித்து விழுந்தார். தம் பிரிவால் மாண்ட தந்தைக்குத் தாம் ஸம்ஸ்காரம் செய்யப் பெறவில்லையே என்று வருந்தினார். அதைச் செய்யப் பெற்ற தம்பியரே பாக்கியவான்கள் என்றார். பின்பு மந்தாகினியில் நீர் வார்த்து, தாம் உண்ணும் காட்டுப் பொருளையே பிண்டமாக இட்டார். ஆயினும் தந்தையின் சிதைக்குத் தீ மூட்டும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

இக்குறையை நினைவில் வைத்து ஆரண்ய காண்டத்தின் 67, 68-ஆம் ஸர்க்கங்களைப் படிக்க வேண்டும். பிராட்டியை இழந்த பெருமாள் உலகங்களையே அழிப்பேன் என்று சீறி நிற்கிறார். இளைய பெருமாள் தணிக்கிறார். அந்நிலையில் குருதி தோய்ந்து கிடக்கும் கழுகைக் கண்டு, பிராட்டியை உண்ட அரக்கன் என்று ஐயுற்று அம்பையும் தொடுக்கிறார். கிடப்பவர் தந்தையின் தோழரான பெரிய உடையார் என்று தெரிந்ததும், வில்லை எறிந்துவிட்டு அவரைத் தழுவிக்கொண்டு அழுகிறார். இராவணன் தெற்கு நோக்கிச் சென்றான் என்று சொன்ன பெரிய உடையார், அவன் குலத்தைக் கூறிக்கொண்டிருக்கும்போதே உயிர் நீத்தார். சொல்லவந்த செய்தி முற்றுப் பெறவில்லை.

இங்கேதான் பெருமாளின் துயரம் உருமாறுகிறது. பிராட்டியைப் பிரிந்த துன்பத்தினும் இத்துன்பம் பெரிது என்கிறார். சக்கரவர்த்தியைப் போன்றே இவரும் தமக்குப் பூஜிக்கத்தக்கவர் என்கிறார். தம்பியை விறகு கொணரச் சொல்லித் தாமே தீக் கடைந்து, தம் உற்றாருக்குச் செய்வதுபோல் தகனம் செய்து, கோதாவரியில் நீர் வார்க்கிறார். உத்தமமான உலகங்களை அடைக என்று விடையளித்ததை மோக்ஷம் தந்ததாகவே நம் பெரியோர் அருளிச்செய்வர். தந்தைக்குச் செய்ய இயலாததைத் தந்தையின் தோழருக்குச் செய்து முடித்தார். உலகை அழிக்கத் துணிந்த சினம் அச்சிதையருகே அடங்கிற்று. அதன்பின் மனத்தை நிலைநிறுத்திப் பிராட்டியைத் தேடப் புறப்படுகிறார்.

முற்றுப் பெறாத அச்செய்தியை நிறைவு செய்தவர் யார்? பெரிய உடையாரின் தமையனார் ஸம்பாதி. கடற்கரையில் அங்கதன் வாயிலாகத் தம்பியின் மரணத்தைக் கேட்டு அவர் உருகினார். ஆயினும் அழுததோடு நில்லாமல், பிராட்டி இலங்கையில் இருப்பதை வானரர்களுக்குச் சொல்லித் தம்பிக்குக் கடல்நீரில் தர்ப்பணம் செய்தார். தீய்ந்த சிறகுகள் அவருக்கு மீண்டும் முளைத்தன.

இச்செய்கை நம் ஸம்ப்ரதாயத்திலும் தொடர்ந்தது. பிறப்பால் தாழ்ந்தவர் என்று உலகம் ஒதுக்கிய மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பிகள் அந்திமக் கிரியை செய்தார். உடையவர் வினவியபோது, பெருமாள் பெரிய உடையாருக்குச் செய்ததையே பெரிய நம்பிகள் காட்டினார். காஞ்சிக்கு அண்மையிலுள்ள திருப்புட்குழியிலும் சோழநாட்டுத் திருப்புள்ளபூதங்குடியிலும் இக்கைங்கர்யத்தை இன்றும் ஸேவிக்கலாம்.

ஸ்வாநுபவம் ஒன்று சொல்ல க்ஷமிக்க வேண்டும். அடியேன் பாடசாலையில் வாசித்துவந்த நாளில் தகப்பனார் பரமபதித்தார். தந்தி கிடைத்து ஊர் சேர்வதற்குள் தம்பி காரியத்தை முடித்திருந்தான். மூத்தவனாகிய நான் முகத்தைக்கூடக் காணவில்லை. திரும்பி வந்ததும் உபாத்யாயர் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் இந்த ஸர்க்கத்தை எடுத்துப் பாடம் சொன்னார். அன்று பதம் பிரித்துப் பொருள் கற்றேன், உட்பொருள் விளங்கவில்லை. பல்லாண்டுகள் சென்று, திருமடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்துவந்த, பிள்ளையில்லாத முதியவர் ஒருவர் பரமபதித்தார். அடியேனே மகனாக நின்று கொள்ளியிட்டேன். அன்றுதான் அது விளங்கிற்று. என் தகப்பனாருக்காகவும் அன்றுதான் மனம் ஆறிற்று.

ஆகவே அன்பர்களே, போனவருக்குச் செய்யத் தவறியதை எண்ணி உருகுவோர் பெருமாள் காட்டிய வழியைப் பற்றுக. அழுவது குற்றமன்று, அவரே அழுதார். அழுதபின், ஆதரவற்றுக் கிடக்கும் ஒருவருக்கு மகனாகவோ மகளாகவோ நில்லுங்கள். அக்கடன் தீரும்.

அடியேன் ராமாநுஜதாஸன்.