கடல்துறையும் வான்துறையும்

பொருநையாறு கடலொடு கலக்கும் கரையில் துறைகள் ஓரிடத்தே நிலைத்து நின்றதில்லை. முத்தால் புகழ்பெற்ற பாண்டியர் கொற்கை, இன்று கடலினின்று சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த சிற்றூர். ஆறு கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்துவிட, வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதியது அக்காயலையே. குலசேகரன்பட்டினமும் இவ்வரிசையில் எண்ணத்தக்க பழந்துறையாகும். பனங்கருப்பட்டியிலிருந்து சீனி எடுக்கும் ஆலையும், திசையன்விளை முதல் திருச்செந்தூர்வரை ஓடிய சிறு புகைவண்டியும் ஒருகாலத்தில் இவ்வூருக்கு இருந்தன. அவ்வண்டி 1940இல் நின்றுபோயிற்று. மரக்கலங்கள் அணைந்த துறையில் இன்று மீன்பிடி படகுகளே அணைகின்றன.

தூத்துக்குடியையும் ஆழக்குறைவு நெடுங்காலம் வருத்தியது. பெருங்கப்பல்கள் கரையை அணுகமாட்டாமல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன; தோணிகளே சரக்கைக் கொண்டுசேர்த்தன. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கழகம் தொடங்கியபோதும் நிலைமை இதுவே. ஆழ்கடல் துறைமுகம் அமைந்து, 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற பின்னரே பெருங்கப்பல்கள் கரையணைந்தன.

கடல்துறைக்கு ஆழம் எத்தகையதோ, வானூர்தி நிலையத்திற்கு ஓடுபாதையின் நீளம் அத்தகையது. தூத்துக்குடிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே, வாகைக்குளத்தில் உள்ள நிலையம் இதற்குத் தக்க சான்று. அதன் ஓடுபாதை முன்னர் 1,350 மீட்டரே இருந்தது. எழுபது பேரளவில் ஏற்றும் சுழல்விசிறி ஊர்திகளுக்கே அது இடந்தந்தது. வானூர்தி எழுவதற்கு இறக்கையின்மேல் காற்று மிக்க விரைவோடு பாய்தல் வேண்டும். ஊர்தியின் எடை கூடக் கூட அவ்விரைவும் கூடவேண்டும்; அதனை எய்த நெடுந்தொலைவு ஓடவேண்டும். வெப்பம் மிகுந்தால் காற்று அடர்த்தி குன்றி, ஓடவேண்டிய தொலைவு இன்னும் நீளும். கோடை வெயில் கொளுத்தும் நெல்லைச் சீமையில் இது சிறு செய்தியன்று. ஆகவே பலர் மதுரைக்கோ திருவனந்தபுரத்திற்கோ சென்று வானூர்தி ஏறினர். கரையணையாத கப்பலைத் தேடித் தோணியில் சென்ற பழங்கதையே இது.

இக்குறை நீக்க, ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பெற்றது. ஏறத்தாழ 450 கோடி ரூபாய்ச் செலவில், 17,340 சதுர மீட்டர்ப் பரப்பில் புதிய முனையமும் எழுந்தது. 2025 ஜூலை 26ஆம் நாள் அது திறந்துவைக்கப்பெற்றது. ஆண்டுக்கு 20 இலட்சம் பயணியரை ஏற்கத்தக்கதாக அது அமைந்துள்ளது.

திருச்செந்தூர் முருகனையும், மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலையும், குமரிமுனையையும் காணவரும் தொலைநாட்டார்க்கு இது பேருதவியாகும். ஆயினும் குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு வருவோரில் மிகப் பலர் வானூர்தியைக் கண்ணால் மட்டுமே கண்டவர். காளியாகவும் குறவராகவும் வேடம் புனைந்து, ஊர்தோறும் காணிக்கை பெற்று, பேருந்திலும் வாடகை வண்டியிலும் வந்து முத்தாரம்மன் உண்டியலில் சேர்க்கும் அவர்களுக்கு வேண்டுவன நல்ல சாலையும், குடிநீரும், தங்குமிடமுமே. முனையத்தின் பளபளப்பில் இவை மறக்கப்படலாகாது.

வானை நோக்கிய மற்றொரு துறையும் இப்பட்டினத்தருகே அமைகின்றது. சிறு செயற்கைக்கோள்களைச் செலுத்தும் ஏவுதளத்திற்கு 2024 பெப்ருவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. இவ்விடம் தெரிந்தெடுக்கப்பட்டதன் காரணம் நிலப்படத்தை நோக்கின் விளங்கும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே செலுத்தும் ஏவூர்தி, இலங்கையின்மேற் செல்லாதவாறு வளைந்து செல்லவேண்டும். வளைவுக்கு எரிபொருள் செலவாகும்; அதனால் சுமக்கும் எடை குறையும். குலசேகரன்பட்டினத்திற்குத் தெற்கிலோ, தென்துருவப் பனிநிலம்வரை தடையின்றிக் கடலே விரிந்து கிடக்கிறது. 500 கிலோ எடையை 500 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தவல்ல சிற்றேவூர்திக்கு ஒவ்வொரு கிலோவும் பொருட்டன்றோ?

கொற்கைக்கு ஆழமும் வாகைக்குளத்திற்கு நீளமும் போல, இங்கே வெறுங்கடலே செல்வமாயிற்று. எனினும் அது முற்றும் வெறுங்கடலன்று; வலைவீசுவோர் வயலும் அதுவே. ஏவூர்தி எழும் வேளையில் அதன் வழியிலுள்ள கடலிற் படகுகள் செல்லலாகா. ஏவுதளத்திற்கென 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் எடுக்கப்பெற்றது. பனைக்காடும் தேரிமணலுமான அந்நிலம் பார்வைக்குப் பாழ். பதநீர் இறக்கி வாழ்ந்தோர்க்கு அதுவே பிழைப்பு. வலையும் பனையும் தந்த வருவாய்க்கு ஈடு யாது என்பதைக் கரையூரார் இன்றும் கேட்கின்றனர்.