இறுகிப்போன நட்டு

சின்ன டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். 15 அல்லது 20 குதிரைத்திறன் உள்ள வண்டி. மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் நிறைய உண்டு. கொடி வரிசைகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் நுழையாது. சின்ன வண்டிதான் போகும். மருந்து அடிக்க அதுதான். எரு ஏற்றிய டிப்பரை இழுக்கவும் அதுதான்.

டிப்பர் பெட்டியைத் தூக்குவது எது? எண்ணெய். டிராக்டரில் உள்ள பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. ரப்பர் ஹோஸ் வழியாக அது ஜாக்கிக்குப் போகிறது. ஜாக்கி நீள்கிறது. பெட்டி எழுகிறது.

வெயிலிலும் மண்ணிலும் கிடந்து ஹோஸ் வெடித்துப்போகும். மாற்ற வேண்டும். ஆனால் ஹோஸ் முனையில் உள்ள நட்டு அசையாது. உரமும் மழையும் பட்டுத் துருப்பிடித்திருக்கும். உடனே சுத்தியலைத் தேடுவோம்.

பொறுங்கள். நட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஹோஸுக்குள் அழுத்தம் இருக்கிறதா?

கார் டயரில் காற்று எவ்வளவு? சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 கிலோ. இந்த ஹோஸில் எண்ணெயின் அழுத்தம் 150 கிலோவைத் தொடும். சில வண்டிகளில் அதற்கும் மேலே போகும். எஞ்சினை நிறுத்தினாலும் இது தானாகப் போய்விடாது. பெட்டி தூக்கியபடி நின்றால், அதன் பாரம் முழுவதும் எண்ணெய் மேல்தான் இருக்கிறது. அப்போது நட்டைக் கழற்றினால் எண்ணெய் பீறிடும். பெட்டி கீழே விழும். அடியில் ஆள் இருந்தால் நசுங்கிப் போவார்.

ஆகவே முதலில் பெட்டியை முழுவதும் இறக்குங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். பிறகு ஹைட்ராலிக் லீவரை முன்னும் பின்னும் நாலைந்து தடவை தள்ளுங்கள். அடைபட்ட அழுத்தம் இறங்கிவிடும். எண்ணெய் சூடாக இருந்தால் ஆறட்டும்.

இனி நட்டுக்கு வருவோம். கம்பி பிரஷ்ஷால் துருவையும் மண்ணையும் தேயுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மரையில் விடுங்கள். அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். ராத்திரி முழுவதும் ஊறினால் இன்னும் நல்லது. அவசரப்படுபவர்தான் நட்டை உடைக்கிறார்.

சரியான அளவு ஸ்பானர் இரண்டு வேண்டும். ஒன்று ஹோஸ் நட்டுக்கு. மற்றொன்று அது மாட்டியிருக்கும் இணைப்புக்கு. இணைப்பை அசையாமல் பிடியுங்கள். நட்டை மட்டும் திருப்புங்கள். ஒரே ஸ்பானரால் திருப்பினால் இணைப்பும் சேர்ந்து திரும்பும். வால்வு விரிசல் விடும். அதன் விலை ஹோஸின் விலையைவிடப் பல மடங்கு. பைப் ரெஞ்சு வேண்டாம். அது நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும்.

அசையவில்லையா? ஒரு துளி இறுக்கிப் பாருங்கள். துரு அப்படியும் விட்டுக்கொடுக்கும். பிறகு இளக்குங்கள். ஸ்பானர் முனையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டலாம். நெருப்பு மட்டும் காட்டாதீர்கள். ரப்பரும் எரியும், எண்ணெயும் எரியும்.

நட்டு அரைச் சுற்று இளகியதும் நிறுத்துங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சொட்டினால் சரி. சீறினால் அழுத்தம் இன்னும் இருக்கிறது. கையை எடுத்துவிடுங்கள். லீவரை மறுபடி தள்ளுங்கள்.

"அண்ணே, ஹோஸ்ல கசிவு எங்கேன்னு விரலால தடவிப் பார்த்தா என்ன?"

"தடவாதே தம்பி. மெல்லிசா வர்ற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். ஒரு அட்டையை நீட்டிப் பாரு. அட்டை நனையும்."

"முள்ளு குத்தின மாதிரிதானே இருக்கும்?"

"முதல்ல அப்படித்தான் இருக்கும். வலியே தெரியாது. சில மணி நேரத்துல கை வீங்கும். மஞ்சள் வச்சுக் கட்டிக்கிட்டு வீட்ல இருந்தா விரலே போகும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். எண்ணெய் அழுத்தத்துல உள்ளே போயிருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லணும். எண்ணெய் டப்பாவையும் எடுத்துட்டுப் போ."

ஹோஸ் கழன்றதும் திறந்த முனைகளைச் சுத்தமான மூடியால் மூடுங்கள். ஒரு மணல் துகள் வால்வைக் கீறப் போதும். புது ஹோஸ் மாட்டும்போது பழைய ஓ-ரிங்கைப் போடாதீர்கள். கையாலேயே மரை ஏற்றித் தொடங்குங்கள். கடைசியில்தான் ஸ்பானர். பிறகு எண்ணெய் அளவைப் பாருங்கள். எஞ்சினை ஓட்டிப் பெட்டியை நாலு தடவை ஏற்றி இறக்குங்கள். உள்ளே புகுந்த காற்று வெளியேறும்.

டிராக்டர் பராமரிப்பைக் கற்றுத்தர மத்திய அரசின் பயிற்சி நிலையங்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் புத்னி, ஹரியானாவில் ஹிசார், ஆந்திராவில் கார்லதின்னே, அசாமில் பிஸ்வநாத் சாரியாலி ஆகிய ஊர்களில் அவை இருக்கின்றன. புத்னி நிலையம் 1955-இல் தொடங்கியது.

கடைக்குப் போகும்போது பழைய ஹோஸையும் எடுத்துப் போங்கள். அதன் மேல் எழுத்தும் எண்ணும் அச்சடித்திருக்கும். 'ஆர்1' என்றால் ரப்பருக்குள் ஒரு கம்பி வலை. 'ஆர்2' என்றால் இரண்டு. இரண்டு வலை இருந்த இடத்தில் ஒரு வலை ஹோஸைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எழுதிப் பாருங்கள்:

உங்கள் ஊர் டிராக்டரின் ஹோஸில் என்ன அச்சடித்திருக்கிறது? துணியால் துடைத்துப் பாருங்கள். எழுத்து மாறாமல் இங்கே எழுதுங்கள்.

ஹோஸ் வகை: ..................

உள் அளவு: ..................

அழுத்தம்: ..................