தேமல் கறுத்தால் நோய் முற்றிவிட்டதா?

தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கிச் சில மாதம் ஆனதும் பலர் கண்ணாடியைப் பார்த்துக் கலங்கிப்போகிறார்கள். முகம் செம்பழுப்பாகிறது. வெளிறிக் கிடந்த தேமல் கருகருவென்று தெரிகிறது. "மருந்து உனக்கு ஒத்துக்கலை, நிறுத்திடு" என்று சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள்.

நம்பிக்கை: தேமல் கறுப்பது நோய் முற்றுவதன் அடையாளம்.

உண்மை: இல்லை. அது க்ளோஃபாசிமின் மருந்தின் நிறம். கூட்டு மருந்துச் சிகிச்சையில் ரிஃபாம்பிசின், டாப்சோன் இரண்டோடும் சேர்த்துத் தரப்படும் மருந்து இது. 1950களில் டப்ளினில் வின்சென்ட் பாரியின் குழு காசநோய்க்கென்று உருவாக்கியது. சாய வகையைச் சேர்ந்த சிவப்புப் பொருள். கொழுப்பில் கரைவதால் தோலடிக் கொழுப்பில் தங்கிவிடும். கிருமியை விழுங்கும் அணுக்களுக்குள்ளும் சேரும். அந்த அணுக்கள் தேமலில்தான் குவிந்திருக்கின்றன. ஆகவே அங்கேதான் நிறம் அதிகம் ஏறுகிறது. வெயில் படும் முகமும் கைகளும் கூடுதலாகக் கறுக்கும்.

இதை மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சி வாழ்பவரின் முகத்தில் மருந்தே அடையாளம் போட்டால் அவர் என்ன செய்வார்? யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார். பாதியில் விட்டால் கிருமி மீண்டும் பெருகலாம். மரத்துப்போன நரம்பு திரும்புவது அரிது. கறுப்பைத் தாங்கவே முடியாதவர்கள் மருத்துவரிடம் மனம்விட்டுக் கேட்கலாம், மாற்று மருந்து தர வழி இருக்கிறது.

நம்பிக்கை: கறுத்த தோல் இனி மாறாது.

உண்மை: மாறும், ஆனால் நாளாகும். உடலில் சேர்ந்த மருந்தில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 70 நாள் பிடிக்கும். சிகிச்சை முடிந்த பிறகு பல மாதங்களில், சிலருக்கு அதற்கும் மேலாகி, நிறம் மெல்ல மெல்லத் திரும்புகிறது. மருந்து சாப்பிடும் தாயிடம் பால் குடிக்கும் குழந்தையின் தோலில் ஏறும் லேசான நிறமும் அப்படியே மறைந்துவிடும். அதற்குள் அவசரப்பட்டுக் கடையில் சிவப்பழகு க்ரீம் வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்தது என்றால் தோலை மெலியவைத்துவிடும். க்ளோஃபாசிமினால் தோல் வறண்டு செதில் செதிலாகவும் ஆகும். கைகால்களைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

நம்பிக்கை: சிறுநீர் சிவந்தால் ரத்தம் போகிறது.

உண்மை: மாதம் ஒருமுறை விழுங்கும் ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

நம்பிக்கை: அப்படியானால் எந்த நிற மாற்றத்துக்கும் பயப்பட வேண்டாம்.

உண்மை: இது முன்னவற்றைவிட ஆபத்தான எண்ணம். கண் மஞ்சளித்தாலோ, உதடும் நகமும் நீலம் பாரித்தாலோ, காய்ச்சலோடு உடம்பெங்கும் தடிப்பு எழும்பித் தோல் உரிந்தாலோ பெரும்பாலும் காரணம் டாப்சோன். அப்போது அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.