ஊத்தங்கரையில் மனை வாங்கப் போறீங்களா? டோக்கன் கொடுக்கும் முன் ஊர்ச் செய்தியைப் படிங்க



ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிற பல பேருக்கு மனசுல ஓடுற கேள்வி இது: "ஊத்தங்கரையில 1,200 சதுர அடி மனை வருது. லோன் போட்டு வாங்கிடலாமா?" இன்றைய பாடம் இதைப் பற்றித்தான்.

முதலில் ஒண்ணு புரிஞ்சுக்கங்க. ஒரு ஊரைப் பற்றி வரும் செய்திகள் இரண்டு வகை. ஒண்ணு, விலையை ஏத்துற செய்தி. இன்னொண்ணு, அந்த நிலம் எப்படிப்பட்டதுன்னு சொல்ற செய்தி. மனை விற்கிறவர் முதல் வகையை மட்டும்தான் சொல்வார். இரண்டாவதை நீங்கதான் தேடிப் படிக்கணும்.

1. விலையை ஏத்துற செய்தி

2020 டிசம்பரில் ஓலா நிறுவனம் ₹2,400 கோடி முதலீட்டுக்குத் தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டுச்சு. போச்சம்பள்ளி சிப்காட்டில் ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தது. 2024 ஜூனில், ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும்னு சட்டமன்றத்தில் முதல்வர் அறிவிச்சார். இரண்டுமே நல்ல செய்திதான்.

ஆனா தூரத்தைப் பாருங்க. ஊத்தங்கரையிலிருந்து ஓசூர் 90 கிலோமீட்டருக்கு மேல. "ஏர்போர்ட் வருது சார், ரெண்டு வருஷத்துல டபுள்" என்று ஊத்தங்கரை மனைக்குச் சொன்னா, அது கணக்கு இல்லை, ஆசை.

இதைச் சோதிக்க எளிய வழி வாடகை. அதே தெருவில் வீடுகள் என்ன வாடகைக்குப் போகுதுன்னு விசாரிங்க. மனையும் கட்டுமானமும் சேர்த்து ₹40 லட்சம் ஆகிற வீட்டுக்கு மாத வாடகை ₹8,000 என்று வைங்க. வருஷத்துக்கு ₹96,000, அதாவது 2.4 சதவீதம். நீங்க கட்டப்போற கடன் வட்டி 9 சதவீதம். விலை எவ்வளவு தூரம் எதிர்பார்ப்பில் நிக்குதுன்னு இந்த இடைவெளி காட்டிடும்.

2. நிலத்தைப் பற்றிச் சொல்ற செய்தி

2024 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கா? ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையில் பாதிக்கும் மேல, ஒரே நாளில். ஏரி நிரம்பி வழிஞ்சு, பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன், கார் எல்லாம் வெள்ளத்தில் அடிச்சுட்டுப் போன வீடியோவை நாமெல்லாம் பார்த்தோம்.

மனை வாங்கப்போறவங்களுக்கு அந்த வீடியோ ஒரு இலவச சர்வே மாதிரி. தண்ணி எந்த வழியா வந்தது, எங்கே நின்னது, எத்தனை நாள்ல வடிஞ்சது, இதெல்லாம் அந்தப் பகுதி மக்களுக்குத் தெரியும். மனைப் பக்கத்து டீக்கடை, மளிகைக் கடை, எதிர் வீடுன்னு குறைஞ்சது மூணு பேர்கிட்ட, புரோக்கர் இல்லாம தனியா போய்க் கேளுங்க. "அந்த மழையில இங்க தண்ணி எதுவரைக்கும் வந்ததுண்ணா?" இந்த ஒரு கேள்வி போதும்.

3. பேப்பரில் தண்ணீரைத் தேடுங்க

கேட்டதை ஆவணத்தோட ஒப்பிடணும். சர்வே நம்பர் கையில் இருந்தா, அரசின் பட்டா–சிட்டா இணைய சேவையிலேயே பார்க்கலாம்.

- அ-பதிவேடு: நிலம் எந்த வகைன்னு இதில் இருக்கும். பக்கத்து சர்வே எண்களையும் போட்டுப் பாருங்க. ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்குன்னு வந்தா உஷார்.
- புல வரைபடம்: எல்லை எங்கே, நீர்வழி எங்கே போகுதுன்னு தெரியும். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் இருக்கு. ஆக்கிரமிப்பு மனைக்கு நீங்க கொடுத்த பணம் திரும்பி வருவது கஷ்டம்.
- வில்லங்கச் சான்று: பதிவுத்துறை தளத்தில் குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போடுங்க.
- மனைப்பிரிவு அங்கீகாரம்: டிடிசிபி எண் கேளுங்க. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது லேஅவுட்னா ரெரா பதிவு எண்ணும் வேணும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு உருவான அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளுக்கு, 2017 வரன்முறை விதிகளில் இடம் கிடையாது.

4. சம்பளம் தாங்குமா?

ஒரு உதாரணம். சதுர அடி ₹1,500, மனை ₹18 லட்சம். வங்கி 75 சதவீதம், அதாவது ₹13.5 லட்சம் தருதுன்னு வைங்க. மீதி ₹4.5 லட்சம் உங்க கைப்பணம். அதோட முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம்: ₹1.62 லட்சம். ஆக முதல் நாளே ₹6.12 லட்சம் வேணும்.

9 சதவீத வட்டி, 15 வருஷம்: இஎம்ஐ சுமார் ₹13,700. கையில் வர்ற சம்பளம் ₹28,000, ஓசூரில் ரூம் வாடகை ₹6,000 என்றால், மிச்சம் ₹8,300. சாப்பாடு, பெட்ரோல், வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் இதுக்குள்ளே. ஓவர்டைம் ஒரு மாசம் நின்னாலே திணறிடும்.

என் அளவுகோல்: இஎம்ஐயும் வாடகையும் சேர்ந்து சம்பளத்தில் 40 சதவீதம் தாண்டக் கூடாது. இந்த உதாரணத்தில் அது ₹11,200. வாடகை போக இஎம்ஐக்கு ₹5,200. அது தாங்குற கடன் சுமார் ₹5 லட்சம் மட்டும்தான்.

அப்போ என்ன செய்யலாம்? மாசம் ₹8,000 ஆர்டி போட்டா மூணு வருஷத்தில் ₹3 லட்சத்துக்கு மேல சேரும். இல்லைன்னா சின்ன மனை பாருங்க. 2025 ஏப்ரல் முதல், ₹10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செஞ்சா பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. ₹9 லட்சம் மனையை அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்கினா ₹9,000 மிச்சம். ஆனா பெயர் யாருதோ சொத்தும் அவங்களுது, இதை மறக்காதீங்க.

5. "டாக்ஸ் சேவ் ஆகும்" என்பது உண்மையா?

வெறும் மனைக்கடனுக்கு வரிச்சலுகை கிடையாது. வீடு கட்டி முடிச்ச பிறகுதான் பேச்சே. அதுவும் நீங்க குடியிருக்கிற வீட்டுக்கு, வட்டியில் ₹2 லட்சம் வரையிலான கழிவு பழைய வரி முறையில் மட்டும். புது முறையில் இருக்கீங்கன்னா வரியைக் காரணம் காட்டி மனை வாங்காதீங்க.

இன்னொண்ணு. வெள்ளத்துக்கு வீட்டுக் காப்பீடு இருக்கு, காலி மனைக்கு இல்லை. அதனால தாழ்வான மனையின் ரிஸ்க் முழுக்க உங்க தலையிலதான்.

சொந்த ஊரில் ஒரு மனை என்பது நம்ம வீட்டுப் பெரியவங்க கனவு. அதை வேண்டாம்னு நான் சொல்லலை. இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனா, மனையைப் பார்க்கிறதோட நிறுத்தாம, ஏரிக்கரை வரைக்கும் நடந்து போய்ப் பாருங்க. அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுங்க. இரண்டும் சரியா இருந்தா மட்டும் டோக்கன் பணத்தைப் பற்றி யோசிங்க. பட்டா, புல வரைபடம் எடுக்கிற முறையில் சந்தேகம் இருந்தா நம்ம சேனல் வீடியோவுக்குக் கீழே கேளுங்க.